சொல்லிட்டுப் போகிற ஊர்

கருக்காட்டுப்பட்டி,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.
14.8.1998

போர் போடும் வீரர் இளங்கோ அண்ணனுக்கு,

உன் சித்தப்பா மகள் சுஜிதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமென்று எங்கள் தமிழம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். பொய்யோடு கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பொய்யெல்லாம் நான் நடுவில்தான் சொல்வேன்.

உன் விலாசம் கதிர்வேல் மாமாவிடம் கிடைத்தது. போர்வெல் லாரியை ஓட்டி வந்தவர் ஒரு வாரம் ஊரில் இருந்தார். உடம்பெல்லாம் பாறை மாவு. இட்லிக்கு ஊறப்போட்டு எடுத்தது மாதிரி இருந்தார். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்றார். நீ அங்கே போர் போடுகிறாய், எனக்கு இங்கே போர் அடிக்கிறது, எனக்கும் அம்மாவுக்கும் தினமும் போர். நம்முடையது போர்க் குடும்பம்.

இனி சிரிப்பில்லை. பெரியப்பா பேசுவதில்லை, அண்ணா.

தை மாதம் பெரியம்மா போனதிலிருந்து பேச்சு குறைந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும். சித்திரையில் நீ போன பிறகு அதுவும் நின்றுவிட்டது. உள்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா கொண்டுபோகிற களியில் எலி கடித்த அளவுக்குக்கூடக் குறைவதில்லை. பொங்கியண்ணன் என்று பெயர் வைத்த மனுசர், பொங்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. அவர் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம்.

ஊர் ஒன்றும் சும்மா இல்லை. தினமும் சாயங்காலம் யாராவது போய்ப் பக்கத்தில் உட்காருகிறார்கள். பெருமூச்சு விடுகிறார்கள். பிறகு சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே. வருஷம் திரும்புகிற வரை அது துக்க வீடுதான். அதனால் இத்தனை மாதமாக, உள்ளே மனுசராகப் போகிறவர்கள் எல்லோரும் பூனையாக வெளியே வருகிறார்கள்.

போன வாரம் என் வாய் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பையோடு களியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "பெரியப்பா, போயிட்டு வாரேன். நான் வர்றதுக்குள்ள எங்கியும் ஓடிப்போயிடாதீங்க" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு திருகு திருகினாள். "துக்க ஊட்டு வாசப்படியில நின்னுக்கிட்டு வாரேங்கறயே, வாய்க்குள்ள நாக்கு வெச்சிருக்கிறயா, நண்டு வெச்சிருக்கிறயா?"

ஆனால் நான் பார்த்துவிட்டேன். பெரியப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் சொல்கிறேன். தினமும் பார்க்கிறார். இந்த ஊரில் அவர் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். கொஞ்சம் கர்வமாக இருக்கிறது. நிறைய பயமாக இருக்கிறது.

நீ அவருக்கு ஒரு வரி எழுதேன்.

பத்தாம் வகுப்புத் தங்கை
(இந்தப் பட்டம் சில வருஷம் நீடிக்கலாம்),
சுஜிதா


இந்தூர்
3.9.98

சுஜி,

லெட்டர் கிடைச்சுது. வண்டியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். முதல் பக்கம் மட்டும்.

ரெண்டாம் பக்கத்து விஷயம் இனிமே எழுத வேண்டாம்.

உனக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரியாது. அம்மா போனப்புறம் மூணு மாசம் நானும் அவரும் ஒரே ஊட்டுல இருந்தோம். நான் சமைப்பேன். அவர் சுவத்தைப் பார்ப்பார். "லாரிக்குப் போகட்டுமாப்பா"ன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுநாளும் கேட்டேன். கடைசியா முகத்துக்கு நேரா உக்காந்து கேட்டேன். போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். போகாதேன்னு சொல்லியிருந்தா சத்தியமா இருந்திருப்பேன். எழுந்து திரும்பி உக்காந்துக்கிட்டார். விடியக்காலம் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். பேசாதவர்கிட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது?

ஏன் பேசலைன்னு எனக்குத் தெரியும். அம்மாவை நாமக்கல்லுக்குக் கொண்டுபோக ஜீப் கூப்பிடப் போனது நான். அன்னிக்கு மூடுபனி. வளைவுல வண்டி ஊர்ந்துதான் வந்துச்சு. லேட்டாயிடுச்சு. அவர் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டார்.

அதனால அவர் உன்னைப் பார்த்தார்னா சந்தோஷம். என்னைப் பார்க்க மாட்டார்.

ஒழுங்காப் படி.

இளங்கோ

களி இறங்கலைன்னா சாமைக் கஞ்சி குடுக்கச் சொல்லு. உப்பு கம்மியா. மேல மோர் ஊத்தணும்.


கருக்காட்டுப்பட்டி
5.10.1998

அண்ணா,

எழுதாதே என்று எழுதியவன், கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கக் கூடாது. அந்த உப்பைத் தின்ற பாவத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

காலாண்டு லீவு விட்ட அன்று காலையில், வழக்கம்போலப் பெரியப்பாவிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், பள்ளிக்கூடத்திலிருந்தே திண்ணனூர் நாட்டில் இருக்கிற மாமா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். நான்கு நாள் பலாக்கொட்டை வறுத்துத் தின்றேன். மாமாவின் ஆட்டுக்குப் பவுடர் போட்டேன். பெரியப்பாவை நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பெரியப்பா வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். பஸ் திரும்புகிற வேப்பமரத்தடியில் போய் நின்றிருக்கிறார். மழை. குடையும் இல்லை, தலையில் கொங்காடைச் சாக்கும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று, நான் வரவில்லை. அப்பா போய்க் கையைப் பிடித்து இழுத்தால் நகரவில்லையாம். ரோட்டையே பார்த்திருக்கிறார். "சுஜி அவ மாமன் ஊட்டுக்குப் போயிருக்கறா அண்ணா, ஞாயித்துக்கிழமை வந்துருவா" என்று சொன்ன பிறகுதான் கால் நகர்ந்திருக்கிறது.

அதில் காய்ச்சல் வந்து, காய்ச்சலுக்கு நர்ஸ் ஹேமலதா அக்கா வந்தார். செம்மேட்டிலிருந்து வாரம் ஒரு முறை வந்து குழந்தைகளுக்கு ஊசி போடுவாரே, அவர்தான். காய்ச்சலைப் பார்க்க வந்தவர் மற்றதையும் பார்த்தார். எப்போதிலிருந்து தூக்கமில்லை, எப்போதிலிருந்து சாப்பாடில்லை, செத்துப்போகணும் என்று ஏதாவது சொன்னாரா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதாள். எதையும் சொல்லுவதே இல்லை என்றாள்.

"இது கோபமில்லைங்க. காத்துக் கருப்பும் இல்லை. இது நோய். உடம்புக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி மனசுக்கு வர்றது. வயசானவங்களுக்குத் துணை போயிட்டா நிறையப் பேருக்கு வருது. வயசானா அப்படித்தான்னு நாம விட்டுடறோம்" என்றார். அப்பாவும் அவரும் பெரியப்பாவை நாமக்கல்லில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். தினம் ஒரு மாத்திரை. இலக்கணப்படி ஒரு மாத்திரைக்கு ஒரு குறில்தான் வரும். "அ" என்று சொன்னாலே எங்களுக்குப் போதும்.

போகும்போது நர்ஸ் அக்கா ஊர்க்காரர்களைக் கேட்டார். "நீங்க எல்லாம் இவரைப் பார்க்க வர்றதில்லையா?"

"தினமும் வாரோமுங்க."

"வந்து?"

"உக்காந்துட்டுப் போறமுங்க."

"போறப்ப என்ன சொல்வீங்க?"

"துக்க ஊட்டுல எப்படீங்க சொல்றது? சொல்லாமத்தான் போவோம்."

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆனால் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி மாமா அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். பொம்பளைகளும் வரணும் என்றார். நான் அம்மா முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

"மாராயி சொல்லாமப் போனா" என்றார், பெரியம்மாவைச் சொல்லி. "அவ பையன் சொல்லாமப் போனான். மிச்சம் இருக்கற நாம, மரியாதை பார்த்துக்கிட்டு, தினமும் அந்த மனுசனை விட்டுட்டுச் சொல்லாமப் போயிட்டிருக்கறோம். இந்தப் புள்ள ஒருத்திதான் வாரேன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் அவரு மழையில நின்னாரு."

இனி காட்டுக்கோ சந்தைக்கோ போகிறவர்கள் அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகணும், திரும்பி வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்லணும் என்றார். சென்னம்மாள் அத்தை எழுந்துவிட்டார். "ஏனுங், வருசம் திரும்பாத ஊட்டுல நின்னு வாரேன்னா, அந்தத் துக்கம் நம்ம பொறகாலயே வந்துருமுங்க. எம் மகன் தினம் மரமேறுறவன். நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது, அண்ணா. எனக்கும் இருந்தது. நான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே.

"வர்றதா இருந்தா மொதல்ல எங்கிட்ட வரட்டும்" என்றார் அர்த்தனாரி மாமா. நேராக நடந்தார். ஊரே பின்னால் போனது. அவர் உங்கள் வாசப்படியில் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "பொங்கியண்ணா, கெழங்குக் காட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்றார். குரல் நடுங்கியது. அந்த ஆள் கரடியை விரட்டினவர்.

எனக்கு அப்போது ஒரு சிரிப்பும் வரவில்லை.

சுஜிதா


உஜ்ஜைன் ரோடு
26.10.98

சுஜி,

எங்கப்பாவை என்னன்னு நினைச்சுட்டீங்க எல்லாரும்? கோயில் உண்டியலா, போறவன் வர்றவனெல்லாம் வாசல்ல நின்னு ஒண்ணு போட்டுட்டுப் போக? காது கேக்காதவர்கிட்டப் பேசற மாதிரி ஊரே நின்னு கத்தும், அவர் சுவத்தைப் பார்ப்பார். சந்தையில இதைச் சொல்லிச் சிரிப்பாங்க. பொங்கியண்ணனுக்குப் பைத்தியம், மாத்திரை தின்கிறார்னு. எனக்கு இங்கிருந்தே கேக்குது.

அர்த்தனாரி மாமா என்னைப் பத்திச் சொன்னதையும் எழுதியிருக்கிற. எழுதாம இருந்திருக்கலாம்.

நிறுத்தச் சொல்லு.

இங்க மூணு இடத்துல போட்டும் தண்ணி இல்ல. நானூறு அடி போனாலும் புகைதான். ராடு மாட்டி மாட்டித் தோள் தூக்க முடியல.

இந்த லெட்டரைப் போடாம ஒரு நாள் பையிலயே வெச்சிருந்தேன். அந்த நர்ஸ் ஏதோ ஒரு வரி சொன்னதா எழுதியிருந்தியே, கோபத்தைப் பத்தி. அதை மட்டும் மறுபடி எழுது. நான் சரியாத்தான் படிச்சேனான்னு தெரியல.

இளங்கோ


கருக்காட்டுப்பட்டி
20.11.1998

அண்ணா,

"இது கோபமில்லைங்க. இது நோய்."

சரியாகத்தான் படித்தாய். ஜீப்பைப் பற்றியும் நர்ஸ் அக்காவிடம் நானே கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். "அந்தப் பையன் முகத்தைப் பார்த்துப் பேசற தெம்பு அவருக்கு இல்லாம இருந்திருக்கும். அதைப் பையன் கோபம்னு நினைச்சிருப்பான். பாவம் ரெண்டு பேரும்" என்றார். இரண்டு பேரும் என்றார். நன்றாகப் படி.

நிறுத்தச் சொன்னாய். சொன்னேன். அர்த்தனாரி மாமா, "அவனை வந்து நேர்ல சொல்லச் சொல்லு" என்றார். நல்ல கொக்கி.

ஊர் சிரிக்கும் என்று எழுதியிருந்தாய். நான்தான் இந்த மலையில் சிரிப்புக்கு மொத்த வியாபாரி, என்னிடமே சரக்கு இல்லை. நீ ஒரு காலையில் வந்து பார்க்கணும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. உங்கள் வாசலில் ஒரு குண்டு பல்பு. பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு ஆளாக அந்த வெளிச்சத்துக்குள் வருவார்கள். தோளில் மண்வெட்டி, தலையில் கூடை. "மொளகுக் காட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க." "சந்தைக்குப் போயிட்டு வாரேன் சாமி." "சாமை அறுக்கப் போயிட்டு வாரேனுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் பனிக்குள் போய்விடுவார்கள். கத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். கோயிலில் நிற்கும்போதுகூட நான் அடுத்தவள் சடையைத் தூணில் கட்டுகிறவள். அங்கே மட்டும் என் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

சாயங்காலம் வேறு மாதிரி. பிள்ளைகள் "பெரியப்பா, ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்", "வந்துட்டேன்", "மறுபடியும் போறேன்" என்று உயிரை எடுக்கும். கள் குடித்துவிட்டு வந்த ஒருத்தர் மூன்று முறை வந்துவிட்டேன் என்றார். அவருக்கே சந்தேகம் போல. அத்தாயிதான் கடைசி. ஓடைக்கு மேலே தனியாக ஒரு குடிசையும் ஒரு ஆடுமாக இருக்கிறாளே, அந்தக் கிழவிதான். பிள்ளை குட்டி கிடையாது. அவள் சும்மா வந்துட்டேன் என்று சொல்ல மாட்டாள். முழங்கால் வலி, ஆட்டின் திமிர், மழையின் ஓரவஞ்சனை எல்லாம் சொல்லி, கடைசியில் "வந்துட்டேன் சாமி, வராம எங்க போறேன்" என்று முடிப்பாள். பெரியப்பாவைப் போல இத்தனை நேரம் அவள் பேச்சைக் கேட்கிறவர் உலகத்தில் இல்லை.

கடைசி ஆள் வரும்வரை இருந்து, பல்பை அணைத்துக் கதவைச் சாத்துவது என் வேலை. போர் அடித்தால் பெரியப்பாவுக்காக எல்லார் குரலிலும் பேசிக் காட்டுவேன். அர்த்தனாரி மாமா மாதிரி, சென்னம்மாள் அத்தை மாதிரி. சென்னம்மாள் அத்தையும் இப்போது வருகிறார். மகனைப் பின்னால் நிறுத்திவிட்டு, தான் மட்டும் சொல்கிறார்.

இன்னும் "அ" வரவில்லை. மாத்திரை தீர்ந்து மறுபடியும் வாங்கியாயிற்று. இதெல்லாம் வீண் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் ஒன்று. முன்பெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்போது கதவைப் பார்த்து உட்காருகிறார். யார் திருப்பி உட்கார வைத்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். யாரும் இல்லை.

சுஜிதா


கருக்காட்டுப்பட்டி
19.12.1998

அண்ணா,

உன் பதில் வரவில்லை. அதற்குள் எழுத வேண்டியதாகிவிட்டது. வேடிக்கை எதுவும் தேடாதே.

நேற்று வெள்ளிக்கிழமை. டி.வி.யில் பாட்டுப் போடுகிற நாள். மத்தியானத்திலிருந்து சாரல். எல்லோரும் சீக்கிரமே திரும்பி, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அத்தாயி மட்டும் பாக்கி. காலையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். மழைக்குப் பயந்து நேராகத் தன் குடிசைக்குப் போயிருப்பாள், பாட்டு ஆரம்பித்துவிடும் என்று நினைத்தேன்.

நான் கதவுக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டு, முழங்காலைத் தட்டி, மூச்சு வாங்கி, அத்தாயி குரலில், "வந்துட்டேன் சாமி, வராம எங்க போறேன்" என்றேன். அச்சு அசல். அம்மாவே ஏமாந்திருப்பாள். பல்பை அணைக்கக் கையைத் தூக்கினேன்.

"அது நீயி."

யார் பேசியது என்று நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, அண்ணா.

"அது நீயி கண்ணு" என்றார் பெரியப்பா. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். "அத்தாயி இன்னும் வரலை."

அதற்குள் எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்தார். அது எரியவில்லை, பேட்டரிக் கட்டை தீர்ந்து எத்தனையோ மாதம். அதைப் போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து அரிக்கேன் விளக்கை எடுத்துக் கொளுத்தினார். சாரல் காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. நான் உதவிக்குப் போகவில்லை.

வாசலில் இறங்கி நின்று கூப்பிட்டார். "அத்தாயீ."

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. அந்தக் குரலுக்கு எங்கள் புத்தகத்தில் கணக்கில்லை. எதிர்மலையில் போய் இடித்துத் திரும்பி வந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. எங்கள் அம்மா மாவுக் கையோடு வெளியே வந்து, "அது யாருடி?" என்றாள். இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அர்த்தனாரி மாமாவுக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடினார்.

பெரியப்பா முன்னால் போனார். எத்தனையோ மாதம் உட்கார்ந்தே இருந்த மனுசர், ஓடைப் பாதையில் ஆடு மாதிரி இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கூப்பிடுவார், காது கொடுப்பார். பின்னால் ஊரே விளக்கோடு வந்தது. யாரும் பேசவில்லை, அவர் கேட்க வேண்டுமென்று.

ஓடைக்குக் கீழே, பலா மரத்து வேருக்கும் பாறைக்கும் நடுவில் கிடந்தாள். கணுக்கால் திரும்பிப்போய், நனைந்து, பல் கிட்டி. தழைக்கட்டை மேலே போர்த்தியிருந்தாள். பெரியப்பா குனிந்து விளக்கைக் காட்டினார்.

"ஏன் இன்னும் வரலை?" என்றார். கோபமாக.

"வாரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாள் அத்தாயி. "நீ தேடுவேன்னு தெரியும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். தூக்கிக்கொண்டு மேலே வந்தோம்.

விடிகிற வரை கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் செய்ததை நானே எல்லோரிடமும் சொன்னேன். அம்மா அடிப்பாள் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பெரியப்பாதான் தலையில் கையை வைத்து, "உன்னால எல்லார் மாதிரியும் பேச முடியுது. எனக்கு எல்லாரையும் தெரியும்" என்றார்.

நாம் சுவரிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அண்ணா. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குரலையும். போன ஒவ்வொருவரையும் மனசில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்த பிறகுதான் இறக்கி வைத்திருக்கிறார்.

அப்படியானால் நீ சித்திரையிலிருந்து எங்கே இருக்கிறாய் என்று யோசித்துக்கொள்.

சுஜிதா


இந்தூர்
2.1.99

சுஜி,

லாரிக்கு அடியில உக்காந்து படிச்சேன். கதிர்வேல் மாமா என்னடான்னு கேட்டார். கண்ணுல பாறை மாவுன்னு சொன்னேன். இன்னிக்கு வண்டியே ஓடலைன்னு அவருக்குத் தெரியும். தலையாட்டிட்டுப் போயிட்டார்.

பொங்கலுக்கு முன்னாடி வர்றேன். அம்மாவோட வருஷத் திதிக்கு நான்தானே உக்காரணும்.

அவர் கதவைப் பார்த்து உக்காந்திருக்கார்னு எழுதியிருக்கிற. அந்தக் கதவு வழியா நான் எப்படி உள்ள நுழையறது? என்ன சொல்றதுன்னு தெரியல. நீ நல்லாப் பேசுவே. ரெண்டு வரி எழுதி அனுப்பேன்.

வேண்டாம். நானே பார்த்துக்கறேன்.

பேட்டரி கட்டை வாங்கிட்டு வர்றேன், டார்ச்சுக்கு.

இளங்கோ


கருக்காட்டுப்பட்டி
24.1.1999

அண்ணா,

நீ வந்து போனதில் உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி மையை வீணாக்க மாட்டேன். நீ வாசலில் வந்து நின்றதும் "வந்துட்டேன்ப்பா" என்றதும், அவர் உன் தோளைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் தோளுல ஏன் காப்புக் காய்ச்சிருக்குது?" என்று கேட்டதும் உன்னிடமே இருக்கட்டும். ஜீப்பைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்கத்தான் பார்த்தேன். அம்மா காதைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

முதலில், திதி முடிந்து அது இப்போது துக்க வீடில்லை. இனி யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லையோ என்று எனக்கு ஒரு பயம். மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டுதான் இருந்தார்கள். சென்னம்மாள் அத்தையின் மகன்கூட. அத்தாயிக்கு இன்னும் நடக்க முடியவில்லை, அதனால் அவளிடமும் போய்ச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு ஆளிடம் சொன்னால் போதாதா என்று அப்பாவைக் கேட்டேன். "சொன்னா நமக்கும் நல்லாருக்குது கண்ணு" என்றார்.

நர்ஸ் அக்கா வந்து பெரியப்பா பேசுவதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேச்சு வந்துருச்சுன்னு மாத்திரையை நிறுத்தினீங்க, நான் பேச மாட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் சரிதான். சில நாள் பெரியப்பா இன்னும் எழுந்திருப்பதில்லை. களி அப்படியே இருக்கிறது. அந்த நாட்களில் சொல்ல வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது நீ கிளம்பிய நாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ரொம்ப நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ் ஹாரன் அடிக்கிறது. வாய் திறக்க மாட்டேன் என்கிறாய். உன் முதுகுக்குப் பின்னால் நின்று உன் குரலில் நானே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். முடியாது, அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். அடுத்தவர் குரல் போட்டாலும் அந்த வீட்டில் செல்லாது.

பிறகு சொன்னாய். "போயிட்டு வாரேன்ப்பா. பங்குனியில வண்டி ஊருக்குத் திரும்பும்." அவர் பதில் சொல்லவில்லை. பஸ் கடைசி வளைவில் மறைகிற வரை நீ ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தாய். உனக்கு அந்தப் பழைய பயம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் வந்தாயிற்று. மிளகுக் காடு வந்தது, கிழங்குக் காடு வந்தது, பிள்ளைகள் வந்தன, போயின, வந்தன. கடைசியில் அர்த்தனாரி மாமா வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்த எழுந்தேன். பெரியப்பா எழுந்திருக்கவில்லை. பஸ் திரும்புகிற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மழையில் நின்ற நாள் எனக்கு ஞாபகம் வந்தது. உன் பெயரை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், மெதுவாக, "எல்லாரும் வந்தாச்சு பெரியப்பா. இளங்கோ அண்ணன்தான்..." என்று இழுத்தேன்.

"அவன் சொல்லிட்டுத்தான் கண்ணு போயிருக்கறான்" என்றார்.

எழுந்தார். பல்பை அணைத்தார். கதவை அவரே சாத்தினார். நான் வெளியே நிற்கிறேன் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

மூடின கதவிடம், "போயிட்டு வாரேன் பெரியப்பா" என்றேன்.

உள்ளேயிருந்து, "ம்" என்று வந்தது. அரை மாத்திரைதான். வீடு வரைக்கும் அதைக் கையில் ஏந்திக்கொண்டு போகிற மாதிரி நடந்து போனேன்.

சுஜிதா